ஈரக் கூடை

இரண்டரை வயதுக் குழந்தையின் நீச்சல் வகுப்பில் நீச்சல் என்பது அரைமணி நேரம்தான். மற்றதெல்லாம் பை. போகும் வழி, திரும்பும் வழி, உடை மாற்றும் போராட்டம், அழுகை, பசி, தூக்கம் எல்லாவற்றையும் முந்தைய இரவே மனதில் ஓட்டிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருளை எடுத்து வைக்கவேண்டியிருக்கிறது. தண்டி யாத்திரைக்குக்கூட இவ்வளவு மூட்டை கட்டியிருப்பார்களா என்று என் மனைவி கேட்டாள். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் திருத்துவதற்கு விடைத்தாள்கள் இருக்கும். ஆகவே மகளை அழைத்துச் செல்லும் பொறுப்பும் பையும் என்னுடையவை.

நாங்கள் இருப்பது திண்டிவனம். வகுப்பு நடப்பது விழுப்புரத்தில், ஒரு தனியார் குளத்தில். இடையில் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பேருந்தில் போனால் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியின் வரிசையைப் பொறுத்து ஒரு மணி நேரம் ஆகும். ரயில் வாய்த்தால் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று மகள் ஒவ்வொரு நிலையத்துக்கும் கையசைத்துக்கொண்டே வருவாள். முண்டியம்பாக்கத்தில் கரும்பாலை ஓடும் பருவமென்றால் வெல்லப்பாகும் சாக்கடையும் கலந்த ஒரு மணம் பெட்டிக்குள் நுழையும். அதற்கு அவள் வைத்திருக்கும் பெயர் ‘பொங்கல் நாத்தம்’.

முதல் கேள்வி எந்தப் பை என்பது. தோளில் மாட்டும் பை பார்க்க ஒழுங்காக இருந்தாலும் ஈரத்தை உள்ளே பூட்டிக்கொண்டு அடுத்த ஞாயிறு வரை நாறும். ஜவுளிக்கடைக் கட்டைப்பைக்கு அடிப்பாகம் நனைந்தால் ஆயுள் முடிந்தது. மஞ்சப்பை துணிப்பை, தன்னுள் வைத்ததையெல்லாம் தானும் குடித்துவிடும். மெல்லிய பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை. எல்லாவற்றையும் யோசித்தபின் பரண்மேல் கிடந்த வயர் கூடையை இறக்கினேன். பச்சையும் வெள்ளையுமாகச் சிவன் கண் முடிச்சுப் போட்டு என் அம்மா பின்னியது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எங்கள் தெருவில் அம்மா பின்னிய கூடை இல்லாத வீடு குறைவு. நெல்லிக்காய் முடிச்சு, பிஸ்கட் முடிச்சு என்று கேட்டவர்களுக்குக் கேட்டபடி பின்னிக் கொடுப்பாள். அந்தக் கூடையில் காற்று எல்லாப் பக்கமும் புகும், தண்ணீர் எல்லாப் பக்கமும் வெளியேறும். நீச்சல் பைக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை எந்த நிறுவனமும் செய்ததாகத் தெரியவில்லை. ஒரே சங்கடம், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் காலில் சொட்டும். அதற்காக ஈரத்துணியைப் பிழிந்து, ஒரு பழைய கைலியில் உருட்டிக் கட்டி, அடியில் வைக்கிறோம்.

கூடையை இறக்கித் துடைத்துக் கொடுத்தது அம்மாதான். எதற்கென்று தெரிந்ததும் முகம் மாறியது. “இதுக்கா கேட்ட?” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

என் அம்மா எதையும் வாதாடி எதிர்ப்பவள் இல்லை. சனிக்கிழமை இரவு நான் கூடையை நிரப்பி வைப்பேன். ஞாயிறு காலையில் பார்த்தால் ஏதாவதொன்று குறையும். முதல் வாரம் குழந்தையின் நீச்சலுடை கொடியில் கிடந்தது, மறுபடியும் நனைக்கப்பட்டு. இரண்டாம் வாரம் துண்டு அரிசி டப்பாவின் மேல். யார் எடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. நான் தேடி எடுத்து மீண்டும் வைப்பேன். அவள் சமையலறையில் முதுகு காட்டி நின்றிருப்பாள்.

காரணம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அது பேசப்படுவதில்லை என்றாலும் தெரியும். அம்மாவின் பிறந்த ஊர் மயிலத்துக்குப் பக்கம். அவளுக்குப் பத்து வயதிருக்கும்போது, நிலத்துக் கிணற்றில் ஏழு வயதுத் தம்பியைப் பறிகொடுத்தாள். வேர்க்கடலை பிடுங்கிக் காயாய்ந்துகொண்டிருந்த நாள். கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. அந்தப் பக்கத்து வயற்கிணறுகள் பலவற்றுக்கு இன்றும் கிடையாது. அவள் உட்கார்ந்திருந்த இடம் கிணற்று மேட்டிலிருந்து பத்தடி. என் திருமணத்துக்கு முன்பு ஒருமுறை, ஒரே ஒருமுறை, அவளாகச் சொன்னாள்: “தண்ணியில போறவன் கூப்புட மாட்டான்டா. சத்தம் போட்டிருந்தா ஓடியிருப்பேன். செருப்பப் பாத்துதான் தெரிஞ்சுது.”

இதன் விளைவாக நான் எந்தக் கிணற்றையும் எட்டிப் பார்க்காமல் வளர்ந்தேன். என் வயதுப் பையன்கள் கோடை முழுவதும் கிணறே கதியென்று கிடந்தார்கள். முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டும், இடுப்பில் கயிறு கட்டி மாமன்கள் மேலிருந்து பிடித்துக்கொள்ளவும், காய்ந்த கல்யாண முருங்கைக் கட்டையை அணைத்துக்கொண்டும் அவர்கள் கற்றார்கள். பிற்பாடு மண்ணெண்ணெய்க் கேன் வந்தது, லாரி டியூப் வந்தது. ஆறு, ஏழு வயதில் தூக்கிப் போடுவார்கள். எட்டு வயதில் பம்ப்செட் கொட்டகையின் மேலிருந்து குதிப்பான். அது ஒரு பள்ளிக்கூடம்தான். ஆனால் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம். பெண்பிள்ளைகள் துணி துவைக்கவும் தண்ணீர் மொள்ளவும் கரைக்கு வந்தார்கள். நீந்தக் கற்றவர்கள் குறைவு. 2022 ஜூன் 5 அன்று கடலூர் மாவட்டத்தில் கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் குளிக்கப் போன சிறுமிகளும் இளம்பெண்களுமாக ஏழு பேர் மூழ்கி இறந்தார்கள். முதலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்ற மற்றவர்கள் இறங்கியதாகச் செய்திகள் சொல்லின. விழுப்புரத்திலிருந்து அந்த இடம் வெகுதூரமில்லை. அன்று நாளிதழை அம்மா கையில் கிடைக்காமல் மடித்து வைத்தது நினைவிருக்கிறது. மகள் பிறந்தபோது இந்த ஏழு பேர் என் மனதில் எங்கோ உட்கார்ந்திருந்தார்கள்.

அம்மா சொன்ன சத்தமின்மையை மருத்துவர்களும் சொல்கிறார்கள். மூழ்குகிறவர் திரைப்படத்தில்போலக் கையை ஆட்டிக் கூவுவதில்லை. வாய் நீர்மட்டத்துக்கு மேலே வரும் கணத்தில் மூச்சு வாங்கத்தான் நேரமிருக்கிறது, குரலெழுப்ப அல்ல. குழந்தையென்றால் எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை.

அப்படியானால் இரண்டரை வயதில் கற்றுக்கொடுத்துவிட்டால் ஆயிற்றா? இங்கேதான் நீச்சல் வகுப்பு விளம்பரங்களை நான் சந்தேகத்தோடு படிக்கிறேன். அதே உலக சுகாதார நிறுவனம், நீச்சலையும் நீர்ப் பாதுகாப்பையும் ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் சொல்கிறது. அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு அது பரிந்துரைப்பது தடுப்பும் காவலும்: நீர்நிலைக்குப் போகும் வழியை அடைப்பது, பெரியவர் ஒருவரின் கண்பார்வையில் வைத்திருப்பது. வங்காளதேசத்தின் கிராமங்களில் பெற்றோர் வயல்வேலையில் இருக்கும் காலை நேரத்தில் சிறு குழந்தைகளை ஓரிடத்தில் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் காப்பகங்களை நடத்தியே சாவுகளைப் பெருமளவு குறைத்திருக்கிறார்கள். நீச்சலே கற்பிக்காமல். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2019இல் ஒரு வயதிலிருந்தே பல குழந்தைகளுக்கு வகுப்பு பயன்தரலாம் என்றது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் 2009ஆம் ஆண்டு ஆய்வு, முறையான பயிற்சி பெற்ற ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளிடம் மூழ்கும் அபாயம் 88 விழுக்காடு குறைந்திருந்ததாகச் சொல்கிறது. பெரிய எண். ஆனால் அந்த ஆய்வில் அந்த வயதுக் குழந்தைகள் குறைவு. பிழைக்கான இடைவெளி மிக அகலம் என்பதை ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். 88ஐ மட்டும் சுவரில் எழுதிவைப்பவர்கள் அந்த வரியை எழுதுவதில்லை.

எங்கள் மாஸ்டர் நேர்மையானவர். முதல் நாளே சொன்னார்: “சார், நீச்சல் கத்துக்க இன்னும் மூணு நாலு வருஷம் இருக்கு. இப்ப பாப்பா தண்ணியத் தெரிஞ்சுக்கட்டும். நீங்க தண்ணிக்குள்ளதான் நிக்கணும், கை எட்டுற தூரத்துல.” அரைமணி நேரத்தில் அவர் செய்யவைப்பது நீர்ப்பரப்பில் குமிழி ஊதுவது, மல்லாந்து மிதப்பது, திரும்பிச் சுவரைப் பற்றுவது. கடைசியில் சொன்னதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் செய்யவைக்கிறார். விழுந்த இடத்திலிருந்து திரும்பி, விழுந்த விளிம்பையே பிடித்துக்கொள்ளும் பழக்கம். அது ஏழு வயதுப் பையனிடம் இருந்திருந்தால் என்று எனக்குத் தோன்றாமலிருப்பதில்லை. வயற்கிணற்றின் வழவழத்த பாறைச்சுவரில் பிடிப்பதற்கு ஏதும் இருந்திருக்குமா என்பதும் உடனே தோன்றும்.

ஆக, நீந்தத் தெரியாத நானும் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறேன். கூடையில் எனக்கும் ஓர் உடை சேர்ந்தது. பருத்தி உடைக்கு அங்கே அனுமதியில்லை. நாற்பது வயதில் முதன்முதலாக நைலான் அரைக்கால்சட்டை வாங்கினேன்.

இனி குழந்தைக்கான பொருள்கள். எல்லாவற்றிலும் விசித்திரமானது நீச்சல் டயப்பர். சாதாரண டயப்பரோடு குளத்தில் இறக்கினால் அது குளத்தையே குடிக்கப் பார்த்து, ஊறி, ஒரு செங்கல் எடைக்குத் தொங்கிவிடும். நீச்சல் டயப்பர் எதையும் உறிஞ்சாது; சிறுநீரை அப்படியே விட்டுவிடும். அதன் வேலை கெட்டியானதைத் தடுத்து நிறுத்துவது மட்டும். அதையும் முழுமையாகச் செய்வதில்லை. ஆகவே அதை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு பேருந்து ஏறக்கூடாது, குளக்கரையில்தான் மாட்டவேண்டும். வயிற்றுப்போக்கு இருந்தால் அந்த வாரமும் அதற்கடுத்த வாரமும் போகக்கூடாது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி முறையாகக் குளோரின் கலந்த நீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடிருக்கக்கூடியது. இத்தனையையும் தெரிந்துகொண்டபின் குமிழி ஊதும் பயிற்சியை ஆனந்தமாகப் பார்ப்பது கொஞ்சம் கடினம்தான்.

உடையின் நிறம் அடுத்தது. கடையில் முதலில் காட்டுவது வெளிர்நீலம், மீன் படம் போட்டது. நீல ஓடு பதித்த குளத்தில் அது இரண்டடி ஆழத்திலேயே கரைந்துபோகும். பளிச்சென்ற ஆரஞ்சோ, கண்கூசும் இளஞ்சிவப்போதான் தண்ணீருக்கடியிலும் தெரியும். முழங்கை மறைக்கும் உடையென்றால் ஏப்ரல் வெயிலுக்கும் நல்லது. காற்றடைத்துக் கையில் மாட்டும் வளையங்களைக் கடைக்காரர் இலவசமாகவே தந்தார். அவை விளையாட்டுச் சாமான்கள், வழுக்கிக் கழன்றுவிடும். வீட்டில் பொம்மைக்கு மாட்டியிருக்கிறாள்.

எண்ணெய் ஒரு தகராறு. தலைக்கு எண்ணெய் வைக்காமல் குழந்தையைத் தண்ணீரில் இறக்குவது அம்மாவின் சாத்திரத்தில் இல்லை. குளத்திலோ எண்ணெய்த் தலைக்கு அனுமதியில்லை. முதலில் நல்ல தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். எண்ணெயும் வியர்வையும் குளோரினைத் தின்றுவிடும் என்பது காரணம். திரும்பியபின் எண்ணெய் வைப்பது என்று சமாதானம் ஏற்பட்டது. கொலுசும் கழற்றப்பட்டது. அரைஞாண் கயிறு மட்டும் இருக்கிறது. அதில் மாஸ்டரும் தலையிடவில்லை.

துண்டு விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்துண்டு. டர்க்கி டவல் பெருமைக்குரிய பொருள். நனைந்தால் அரைக்கூடையை அடைத்துக்கொண்டு மறுநாள்வரை காயாது. ஈரோட்டுத் துண்டு இரண்டு போதும். ஒன்று துடைக்க, ஒன்று போர்த்த. காய்வதற்கு ரயில் ஜன்னலே போதுமானது.

நீரிலிருந்து ஏறிய குழந்தையின் பசி தனிவகை. அது அழுகையாக வராது, ஆவேசமாக வரும். பிளாஸ்கில் வெதுவெதுப்பாகக் கேழ்வரகுக் கஞ்சி, ஒரு வாழைப்பழம். வேர்க்கடலை கொடுக்கமுடியாது என்பது இந்த மண்ணில் வேடிக்கையான விலக்கு. நாடெங்கும் பயிரான டி.எம்.வி. கடலை ரகங்களின் பெயரில் ஒளிந்திருப்பது திண்டிவனம்தான், டி.எம்.வி. 2 இங்கே ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து 1940இல் வெளிவந்தது. ஆனால் முழுக்கடலை நான்கைந்து வயதுவரை மூச்சுக்குழாயில் சிக்கக்கூடிய பொருள். அதிலும் அழுதுகொண்டோ ஓடிக்கொண்டோ தின்பவளுக்கு. ஆகவே கடலையை வறுத்து நைசாகப் பொடித்து, வெல்லம் சேர்த்து, கஞ்சியில் கலக்கிறோம். பொடித்துத் தந்தது அம்மா. மூன்றாம் வாரம் அது நடந்தது. கூடையிலிருந்து எடுப்பவள் கூடைக்குள் ஒன்றை வைத்த முதல் சந்தர்ப்பம் என்பதால் வாரக்கணக்கு நினைவிருக்கிறது.

இந்த ஊருக்கும் நீருக்கும் உள்ள உறவு சுலபமானதில்லை. திண்டிவனம் என்றால் புளியங்காடு என்பார்கள், வறட்சியான பெயர். ஆனால் ஊரின் பகுதியான கிடங்கல், சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடனின் கிடங்கில் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். கிடங்கு என்றால் அகழி. புறநானூற்றின் 243ஆம் பாட்டில் தடியூன்றிய கிழவர் ஒருவர், கரையோர மருதக் கிளையிலிருந்து ஆழநீரில் குதித்து அடிமணலை அள்ளிக்காட்டிய தன் சிறுவயதை நினைத்து இரங்குகிறார். அந்த மடுவில் அவரோடு குதித்து, மணலோடு திரும்பாத ஒருவன் இருந்திருப்பான் என்று நான் எப்போதும் நினைப்பேன். அவனுடைய அக்கா எந்தத் தொகையிலும் பாடவில்லை.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்குமேல் மழை பதிவானது. கிடங்கல் ஏரி நிரம்பி வழிந்து திண்டிவனத்தின் தெருக்களில் புகுந்தது. ஏரிப்படுகையில் கட்டப்பட்ட விழுப்புரம் புதிய பேருந்து நிலையம் மீண்டும் ஏரியானது. தென்பெண்ணை பெருகி அரசூரில் திருச்சி நெடுஞ்சாலையே அறுபட்டுக் கிடந்தது. அந்த இரண்டு நாளும் அம்மா குழந்தையை இடுப்பைவிட்டு இறக்கவில்லை. தெருவில் முழங்காலளவு தண்ணீர், அதில் சாக்கடை மூடி எது, சாலை எது என்று தெரியாது. “தண்ணி பக்கம் போவாம இருந்தா போதும்னு நெனச்சேன். அது வூட்டுக்கே வருது” என்றாள். வகுப்பில் சேர்ப்பது என்று நான் முடிவெடுத்தது அந்த வாக்கியத்தைக் கேட்டபின்தான். அவளிடம் இதைச் சொல்லவில்லை.

ஆறாவது ஞாயிறன்று அம்மா தானும் வருவதாகச் சொன்னாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். கூடையை அவளே மடியில் வைத்துக்கொண்டாள். குளக்கரையில் பெற்றோருக்கான நாற்காலியில் உட்காராமல் விளிம்பிலேயே, நனையும் இடத்தில் நின்றாள். மகள் மல்லாந்து மிதந்தாள்; என் உள்ளங்கை அவள் முதுகுக்குக் கீழே இருந்தது. மாஸ்டர் கையை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். மூன்று நொடியோ நான்கு நொடியோ. அம்மா என்னையோ மாஸ்டரையோ பார்க்கவில்லை. பிறகு குழந்தை புரண்டு, தண்ணீரை விழுங்கி, இருமி, திரும்பி விளிம்பைப் பற்றியது. பற்றிய இடம் அம்மாவின் கால்விரல்களுக்கு நேராக. அவள் குனிந்து அந்தச் சின்ன விரல்களின் மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள், சுவரோடு சேர்த்து. மாஸ்டர் “ஏத்திவிடாதீங்கம்மா, அதுவே ஏறட்டும்” என்றார். அம்மா கையை எடுக்கச் சிறிது நேரமானது.

திரும்பும்போது பேருந்தில் கஞ்சியைக் குடித்த கையோடு குழந்தை தூங்கிவிட்டது. விக்கிரவாண்டி தாண்டியதும் அம்மா என் கைப்பேசியைக் கேட்டு வாங்கினாள். ஊரிலிருக்கும் பெரியமாமா மகனை அழைக்கச் சொன்னாள். அந்த நிலம் இப்போது அவனிடம் இருக்கிறது. கிணறும் இருக்கிறது, மோட்டார் ஓடுகிறது. அவனுக்கும் நான்கு வயதில் ஒரு பையன். ஐம்பது ஆண்டுகளுக்குமேல் அம்மா அந்தக் கொல்லைப் பக்கம் போனதில்லை, அதைப்பற்றிக் கேட்டதுமில்லை.

“தம்பி, அந்தக் கெணத்துக்குச் சுத்துச்சொவரு எழுப்பிட்டீங்களாப்பா?” என்று கேட்டாள். அவன் ஏதோ சொன்னான். “அறுவடைக்கு அப்புறம்லாம் வேணாம். எவ்ளோ ஆவும்னு மேஸ்திரியக் கேட்டுச் சொல்லு. நான் தரேன். சீட்டுப் பணம் இருக்கு” என்றாள். பிறகு, “இடுப்பு ஒசரம் பத்தாது, நெஞ்சு ஒசரம் வெக்கச் சொல்லு” என்றாள். அவள் மடியில் கூடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.